போனுக்குக் குரோஷா உறை: தளர்ந்து போகாமல் பின்னுவது எப்படி?

பின்னல்பிரியை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். போனுக்குக் குரோஷாவுல (ஒரே கொக்கி ஊசியால பின்ற முறை) உறை பின்றது பத்தி ஒரு சந்தேகம். என் போன் எப்பவும் கைப்பையில சாவி, சில்லறை, பேனா எல்லாத்தோடயும் சேர்ந்துதான் கிடக்கும். திரை ஓரமெல்லாம் பொடிப்பொடியா கீறல். அதுக்காகவே ஒரு உறை பின்னினேன். சாதா அக்ரிலிக் நூல், 4 மி.மீ. ஊசி, முழுக்க டபுள் குரோஷா. ஆரம்பத்துல கச்சிதமா இருந்துச்சு. இப்போ தொளதொளன்னு ஆகி, பையைச் சாய்ச்சாலே போன் நழுவி வெளிய வந்துடுது.

நூலை மாத்தணுமா, ஊசியை மாத்தணுமா, இல்ல பின்னல் முறையையே மாத்தணுமா? உள்ளே துணி வைக்கிறது அவசியமா? போன் அளவு: உயரம் 147 மி.மீ., அகலம் 72, கனம் 8. அனுபவம் உள்ளவங்க கொஞ்சம் விளக்கமா சொன்னா உதவியா இருக்கும்.

நூல்கண்டு எழுதியது:

மூணையும் மாத்தணும் தங்கச்சி. ஆனா முதல்ல மாத்த வேண்டியது டபுள் குரோஷாவை. அது உயரமான கண்ணி. ஒரு கண்ணிக்கும் அடுத்ததுக்கும் நடுவுல இடைவெளி இருக்கும். போனோட எடை இழுக்க இழுக்க அந்த இடைவெளிதான் அகலமாகுது. சால்வைக்கு அந்தத் துவளல் வேணும், உறைக்கு ஆகாது. அதைவிடக் குட்டையா, நெருக்கமா விழற சிங்கிள் குரோஷாவுக்கு வந்துடுங்க. (நான் சொல்றது அமெரிக்க முறைப் பேரு. பிரிட்டிஷ் பேட்டர்ன்ல இதையே டபுள்னு போட்டிருப்பாங்க, கவனிச்சுக்கோங்க.)

நூல்: மெர்சரைஸ்டு காட்டன். காட்டன் நூலை இழுத்துப் பிடிச்சபடி காஸ்டிக் சோடாவுல நனைச்சு எடுக்கிற முறை அது. நூல் வழவழப்பாகும், பலம் கூடும், பஞ்சு உதிர்றது குறையும். ஜான் மெர்சர் 1844-ல கண்டுபிடிச்சது. நூலை இழுத்துப் பிடிச்சுச் செய்யற வழக்கம் 1890-ல ஹோரஸ் லோ சேர்த்தது, அந்தப் பளபளப்பு வந்ததே அதுக்கப்புறம்தான். போன் உறைக்கு இதைவிடப் பொருத்தமான நூல் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

ஊசி: நூல் லேபிள்ல போட்டிருக்கிற அளவைவிட ஒரு மி.மீ. குறைச்சுக்கோங்க. 3.5 போட்டிருந்தா 2.5 எடுங்க. கை கொஞ்சம் வலிக்கும், நடுநடுவே நிறுத்தி விரலை நீட்டி மடக்கிட்டுப் பின்னுங்க. பின்னின துண்டை வெளிச்சத்துக்கு நேராப் பிடிச்சா சல்லடை மாதிரி ஒளி தெரியக் கூடாது. தெரிஞ்சா இன்னும் சின்ன ஊசி. சாவி முனை நுழையற ஓட்டை இருந்தா உறை போட்டும் பயனில்ல.

இப்போ அளவு. இதுலதான் நிறைய பேர் பேட்டர்ன்ல இருக்கிற எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கிறாங்க. பேட்டர்ன் எழுதினவங்க கை வேற, உங்க கை வேற. உங்க கையில 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி வருதுன்னு ஒரு மாதிரித் துண்டு பின்னி எண்ணுங்க. பேச்சுக்கு 28 வருதுன்னு வெச்சுப்போம்.

போனைச் சுத்தி அளவு: அகலமும் கனமும் சேர்த்து 80 மி.மீ., அதுக்கு ரெண்டு மடங்கு 160 மி.மீ., அதாவது 16 செ.மீ. காட்டன் ஒருதடவை நீண்டா தானா சுருங்காது. அதனால அளவைவிடச் சுமார் 5 சதவீதம் குறைச்சுப் பின்னணும். 16-ல 5 சதவீதம் போனா 15.2 செ.மீ. ஒரு செ.மீ.க்கு 2.8 கண்ணி, ஆக 42.56. 42-ன்னு வெச்சுக்கோங்க.

அடிப்பக்கத்தைத் தைக்க வேண்டாம். 21 சங்கிலி (அடித்தளமா வரிசையாப் போடற லூப்) போடுங்க. ஊசிக்கு ரெண்டாவது சங்கிலியில ஆரம்பிச்சு 19 சிங்கிள், கடைசிச் சங்கிலியில 3 சிங்கிள். அப்படியே திரும்பி சங்கிலியோட மறுபக்கத்துல 18 சிங்கிள், முதல்ல ஆரம்பிச்ச அதே சங்கிலியில இன்னும் 2. மொத்தம் 42. அதுக்கு மேல கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம், சுத்திச் சுத்திப் பின்னிட்டே போனா தையலே இல்லாத பை வந்துடும்.

உயரத்துக்குச் சுற்றை எண்ணி நிறுத்தாதீங்க. கால்வாசி வந்ததும் போனை உள்ளே விட்டுப் பாருங்க. லேசா இழுத்துவிட்டாத்தான் நுழையணும். தானா வழுக்கி இறங்கினா அந்த இடத்துலயே பிரிச்சு 40 கண்ணியில திரும்ப ஆரம்பிங்க. கால்வாசியில பிரிக்கிறது சுலபம், முழுசா முடிச்சப்புறம் மனசு வராது.

கைவேலை எழுதியது:

அக்கா, ஒவ்வொரு சுற்று முடிவுலயும் ஸ்லிப் ஸ்டிட்ச் (தட்டையான இணைப்புக் கண்ணி) போட்டு மூடணுமா, இல்ல சுருளா போய்ட்டே இருக்கலாமா? நான் மூடிட்டுப் போனா அந்தக் கோடு சாய்ஞ்சு சாய்ஞ்சு முன்பக்கம் வந்து நிக்குது.

நூல்கண்டு எழுதியது:

சுருளாவே போங்க. சுற்றோட முதல் கண்ணியில வேற கலர் நூல் துண்டு ஒண்ணைத் தொங்கவிட்டா எங்க ஆரம்பிச்சோம்னு தெரியும். மேல முடிக்கிறப்போ ரெண்டு ஸ்லிப் ஸ்டிட்ச் போட்டா, சுருள் முடியற இடத்துல வர்ற படி சமமாயிடும்.

சாயறது பின்றவங்க கைப்பிழை இல்ல. திருப்பாம ஒரே திசையில சிங்கிள் பின்னினா ஒவ்வொரு சுற்றும் அரைக்கண்ணி அளவுக்கு நகரத்தான் செய்யும். அதைக் குறைக்க ஒரு வழி இருக்கு. ஊசியைக் கண்ணிக்குள்ள விட்டு நூலை எடுக்கிறப்போ, நூலை ஊசி மேல சுத்தாம, ஊசியை நூலுக்கு மேலாக் கொண்டுபோய்க் கொக்கியால கீழ இழுங்க. ரெண்டு லூப்பையும் சேர்த்து முடிக்கிறது மட்டும் வழக்கம்போல. கண்ணி பெருக்கல் குறியா விழும். இன்னும் இறுக்கமா, குட்டையா, சாய்வு ரொம்பக் குறைஞ்சு வரும். பொம்மை பின்றவங்க பலர் இப்படித்தான் போடறாங்க. ஒரே குறை, சுற்றுகள் கொஞ்சம் அதிகம் பின்ன வேண்டியிருக்கும்.

மின்கம்பி எழுதியது:

பின்னல் எனக்குத் தெரியாது. போன் பழுது பார்க்கிறது என் தொழில். அந்தப் பக்கத்திலிருந்து சில விஷயம் சொல்றேன், பின்றவங்க மனசுல வெச்சுக்கோங்க.

சாவி திரையைக் கீறும்னு பயப்படறோம். பெரும்பாலான சாவி பித்தளை, கண்ணாடியைவிட மென்மையான உலோகம். அது ஓரத்துச் சட்டத்தைத்தான் சுரண்டும். திரையைக் கீறுறது மணல். மணல்ல இருக்கிற குவார்ட்ஸ், கடினத்தை அளக்கிற மோஸ் அளவுகோல்ல 7, போன் கண்ணாடி அதுக்குக் கீழதான். பை அடியில சேர்ற தூசியில அந்த மணல்துகள் இருக்கும். உறை அதைத் தடுக்கும், சரி. ஆனா துகள் ஒருதடவை உறைக்குள்ள புகுந்து நூல் இடுக்குல மாட்டிக்கிச்சுன்னா, போனை உருவறப்போ ஒவ்வொரு தடவையும் திரைமேல உரசும். அதனால உறையை அடிக்கடி உள்பக்கம் வெளியே புரட்டி உதறணும், துவைக்கணும். துவைக்க முடியாத உறையைப் பின்னாதீங்க.

அடுத்து பஞ்சு. சார்ஜ் ஏறலைன்னு வர்ற போன்கள்ல கணிசமானவற்றுல பழுதே இருக்காது. சார்ஜ் துளைக்குள்ள துணிப்பஞ்சு அடைஞ்சு, கேபிள் முழுசா உட்காராம இருக்கும். புசுபுசு நூல், முடி முடியா இருக்கிற நூல் எதுவும் போனுக்கு வேண்டாம். பஞ்சு அடைஞ்சுட்டா போனை அணைச்சுட்டு மரக்குச்சியால மெதுவா எடுக்கலாம், குண்டூசியோ குரோஷா ஊசியோ விடாதீங்க.

மூணாவது, முக்கியமானது: சூடு. நூல் துணி காத்தைப் பிடிச்சு வெச்சுக்கும், காத்து சூட்டைக் கடத்தாது. லித்தியம் அயான் பேட்டரிக்குச் சூடுதான் ஆயுளைத் தின்னுற விஷயம். ஆப்பிள் தன் போன்களைச் சுற்றுப்புற வெப்பம் 0 முதல் 35 டிகிரி செல்சியஸுக்குள்ள பயன்படுத்தச் சொல்லுது. உறையோட சார்ஜ் போட்டுப் போன் சூடானா உறையைக் கழட்டச் சொல்லுது. அது மெல்லிய பிளாஸ்டிக் உறைக்கே சொன்னது. நூல் பைக்குள்ள வெச்சு சார்ஜ் போடவே கூடாது. வழிகாட்டி வரைபடம் ஓடறப்போ, ஹாட்ஸ்பாட் போட்டிருக்கிறப்போவும் வெளியவே இருக்கட்டும். சிலர் சார்ஜர் அடாப்டருக்கே உறை பின்றதாக் கேள்விப்பட்டேன். தயவுசெஞ்சு வேண்டாம். அது சூடாகிற பொருள், அக்ரிலிக் உருகும், காட்டன் எரியும்.

கீழே விழுந்தா நூல் உறை காப்பாத்தும்னு நம்பாதீங்க. கீறலுக்கும் தூசிக்கும்தான் அது. விழறதுக்கு மூலை தடிச்ச ரப்பர் உறை வேற.

பின்னல்பிரியை எழுதியது:

மின்கம்பி அண்ணா, மணல் விஷயம் எனக்குப் புதுசு. ரெண்டு கேள்வி. ரப்பர் உறை போட்ட போனுக்கு மேல இந்தப் பையைப் பின்னலாமா? போனை எந்தப் பக்கமா உள்ளே விடறது, சார்ஜ் துளை மேல வரணுமா கீழயா?

மின்கம்பி எழுதியது:

தாராளமா. ரப்பர் உறையோட சேர்த்து அளவெடுங்க, அவ்வளவுதான். துளை மேல வரட்டும். பஞ்சும் தூசியும் பை அடியிலதான் சேரும்.

நூல்கண்டு எழுதியது:

ஆமா, ரப்பர் உறை போட்டா கனம் 8-லிருந்து 12 மி.மீ. ஆகலாம், அகலமும் கூடும். மேல நான் போட்ட கணக்கை அப்படியே எடுத்துக்காம புது அளவுல போடுங்க. ரப்பர் நூலைப் பிடிச்சு இழுக்கும். அதுக்கு 5 சதவீதம் குறைக்க வேண்டாம், 2 போதும்.

தையல்பெட்டி எழுதியது:

உள்துணி பத்தி யாரும் இன்னும் சொல்லல. என்னைக் கேட்டா உள்துணிதான் உறையோட உயிர். எவ்வளவு இறுக்கிப் பின்னினாலும் கையில பின்னினது எடைக்கு நீளும். நெய்த துணி நீளாது. எடையைத் துணி தாங்கட்டும், பின்னல் வெளியே அழகா நிக்கட்டும்.

துணியைப் பின்னலுக்கு அளவா வெட்டாதீங்க, போனுக்கு அளவா வெட்டுங்க. போன் சுத்தளவு 16 செ.மீ.ன்னா, துணிப்பை தைச்சு முடிச்சப்புறம் உள்சுத்தளவு 16.5 இருக்கணும். தையலுக்கு ரெண்டு பக்கமும் ஒரு செ.மீ. விடுங்க. அதாவது 18.5 செ.மீ. அகலத்துல ஒரே துண்டு, நடுவுல மடிச்சு ஒரு பக்கமும் அடியும் தையல். துணி மென்மையான பருத்தி ஃபிளானல் இல்லன்னா கண்ணாடி துடைக்கிற மைக்ரோஃபைபர். மைக்ரோஃபைபர் நல்லாத் துடைக்கும், அதே காரணத்தால தூசியையும் பிடிச்சு வெச்சுக்கும். அடிக்கடி துவைக்கிறவங்க மட்டும் அதை எடுங்க.

வைக்கிற விதம்: தையல் பிசிறு பின்னல் பக்கம் இருக்கிற மாதிரி பையை உள்ளே இறக்குங்க. முதல்ல அடி மூலை ரெண்டையும் உள்ளிருந்து ஒவ்வொரு முடிச்சாப் பின்னலோட பிடிச்சுத் தைங்க. இதைச் செய்யலைன்னா போனை உருவறப்போ துணியும் சேர்ந்து வெளிய வரும். அப்புறம் வாயைச் சுத்தி, விளிம்புக்கு அரை செ.மீ. கீழ துணியை மடிச்சு, கண்ணுக்குத் தெரியாத தையல். பின்னலோட உள்பக்கத்து லூப்பை மட்டும் ஊசியில எடுத்தா வெளியே நூல் தெரியாது. நூலைச் சுண்டி இழுக்காதீங்க, வாய் சுருங்கிடும்.

கம்பளிப்பூச்சி எழுதியது:

எல்லாரும் காட்டன்ல நிக்கறீங்க. நான் கம்பளிக்காரி. ஃபெல்ட் பண்ணின கம்பளி உறையை ஒருதடவை கையில எடுத்துப் பாருங்க, அந்த அடர்த்தி வேற எதுலயும் வராது.

கம்பளி இழை மேல நுண்ணிய செதில் இருக்கும். சுடுதண்ணி, சோப்பு, நல்ல கசக்கல், மூணும் சேர்ந்தா அந்தச் செதில்கள் ஒண்ணோட ஒண்ணு மாட்டி, பின்னல் சுருங்கி, கண்ணியே தெரியாத தடிச்ச துணியாயிடும். அதுக்கப்புறம் கத்தரியால வெட்டினாலும் பிரியாது. 100 சதவீதம் கம்பளியா இருக்கணும், லேபிள்ல சூப்பர்வாஷ்னு இருக்கக் கூடாது. அதுல செதிலை ஏற்கெனவே மழுக்கியிருப்பாங்க. காட்டனும் அக்ரிலிக்கும் எத்தனை தடவை கொதிக்க வெச்சாலும் ஃபெல்ட் ஆகாது.

இதுக்கு நேர்மாறாப் பின்னணும்: பெரிய ஊசி, தளர்வான கண்ணி, போனைவிடப் பெரிய பை. எவ்வளவு சுருங்கும்கிறது நூலுக்கு நூல் மாறும், அகலத்துல ஒரு மாதிரி உயரத்துல ஒரு மாதிரி சுருங்கும். மாதிரித் துண்டை அளந்து எழுதி வெச்சுட்டு, கசக்கிக் காய வெச்சு மறுபடி அளங்க, அந்த விகிதத்துல பையைக் கணக்குப் போடுங்க. உறை ஈரமா இருக்கிறப்போ போன் அளவுக்கு வெட்டின மரத்துண்டையோ அட்டை அடுக்கையோ பிளாஸ்டிக் தாள்ல சுத்தி உள்ளே வெச்சுக் காயவிட்டா அந்த வடிவத்துலயே நிக்கும். போனையே வெச்சுடாதீங்க!

இன்னொண்ணு. 2004-ல ஆப்பிள் ஐபாடுக்கு ஆறு கலர்ல சாக்ஸ்னு பின்னல் உறை விட்டாங்களே, ஞாபகம் இருக்கா? அது ரெண்டு ஊசிப் பின்னல் வகை. அதுல கண்ணி வரிசையாத் தொங்கறதால ரப்பரா விரிஞ்சு சுருங்கும், ஒரே சாக்ஸ் பல மாடலுக்குச் சரியா வரும். குரோஷாவுல ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியா முடிஞ்சு நிக்குது. அவ்வளவு விரியாது. அதனாலதான் நமக்கு இவ்வளவு அளவுக் கணக்கு.

நூல்கண்டு எழுதியது:

கம்பளி அழகுதான், மறுக்கல. ஆனா மின்கம்பி சொன்ன பஞ்சு? புதுசா ஃபெல்ட் பண்ணினதுல இழை உதிரும். போனுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

கம்பளிப்பூச்சி எழுதியது:

உதிரும், உண்மைதான். ஃபெல்ட் பண்ணி முடிச்சதும் மேற்பரப்பை ரேஸரால லேசா மழிச்சு, உள்ளே தையல்பெட்டி சொன்ன துணி போட்டா அந்தப் பிரச்சினை தீரும். துணி போடாம கம்பளியை நேரா போன் மேல வைக்கிறதுக்கு நானும் சம்மதிக்க மாட்டேன். சூடு விஷயத்துல கம்பளி காட்டனைவிட மோசம், அதையும் சொல்லிடறேன்.

இரவுவாசகன் எழுதியது:

போன் பத்தின பேச்சுல குறுக்கிடறதுக்கு மன்னிக்கணும். மின்நூல் கருவிக்கு (கிண்டில் பேப்பர்வைட், 174 × 125 × 8.1 மி.மீ.) இதே முறையில பின்னலாமா? தனிப் பதிவு தொடங்கணுமா?

மின்கம்பி எழுதியது:

இங்கேயே பேசலாம். அந்தக் கருவிகளுக்கு ஆபத்து கீறல் இல்ல, அழுத்தம். மின்மைத் (இ-இங்க்) திரைக்குப் பின்னால பெரும்பாலும் மெல்லிய கண்ணாடித் தகடு இருக்கும். வெளியே எதுவும் தெரியாம உள்ளே விரிசல் விட்டுடும், அப்புறம் திரையில கோடு கோடா நிக்கும். நூல் உறை அழுத்தத்தைத் தடுக்காது. பின்னலுக்கும் உள்துணிக்கும் நடுவுல, திரைப் பக்கம், கெட்டியான பிளாஸ்டிக் தகடு ஒண்ணு வைங்க. பொத்தானும் மணியும் திரைப் பக்கம் வரவே கூடாது, ஒரு புள்ளியில அழுத்தும்.

நூல்கண்டு எழுதியது:

பின்னல் முறை அதேதான். சுத்தளவு 26.6 செ.மீ., 5 சதவீதம் போக 25.3. உங்க கைக்கணக்கால பெருக்கிக்கோங்க. தகடு வைக்கிறதால கூட ரெண்டு கண்ணி சேர்த்துக்கலாம். பெரிய கருவிக்கு, முக்கியமா மடிக்கணினிக்கு, தெர்மல் ஸ்டிட்ச் நல்லா இருக்கும். முந்தின வரிசையோட பின்லூப்பையும் அதுக்கும் கீழ்வரிசையில விட்டுவெச்ச லூப்பையும் சேர்த்து எடுத்துப் பின்றது. ரெண்டு அடுக்குத் துணியா வரும். நூல் ஏறக்குறைய ரெண்டு பங்கு பிடிக்கும், பொறுமையும்தான்.

கைவேலை எழுதியது:

வாயை மூடறதுக்கு என்ன போடறீங்க எல்லாரும்? நான் காந்தப் பொத்தான் வைக்கலாம்னு இருந்தேன்.

மின்கம்பி எழுதியது:

காந்தம் வேண்டாம்னு சொல்வேன். போனுக்குள்ள திசைகாட்டி இருக்கு, பக்கத்துல காந்தம் இருந்தா தப்பாக் காட்டும். மின்நூல் கருவியிலயும் டேப்லெட்லயும் உறை மூடினாத் திரை அணையறதுக்குன்னே காந்தத்தை உணர்ற சென்சார் வெச்சிருப்பாங்க. உங்க பொத்தான் அதுக்கு நேரா வந்தா திரை தானா அணையும். அதே பைக்குள்ள காந்தப் பட்டை உள்ள அட்டை வெச்சாலும் கெடுதல்.

தையல்பெட்டி எழுதியது:

ஜிப்பும் வேண்டாம், உலோகப் பல் ஒவ்வொரு தடவையும் போன் ஓரத்தை உரசும். மரப்பொத்தான், சங்கிலி லூப். பொத்தானைப் பின்னல் மேல மட்டும் தைக்காம உள்ளே உள்துணி வரைக்கும் ஊசியை விட்டு, அங்க ஒரு சின்னத் துணித்துண்டு வெச்சுத் தைங்க, பின்னல் இழுபடாது.

பின்னல்பிரியை எழுதியது:

எனக்கு மூடி வேண்டாம், உடனே எடுக்கணும். ஆனா தோள்ல மாட்ட நீளமா ஒரு பட்டை வேணும். சங்கிலி போட்டு அதுமேல ஒரு வரிசை சிங்கிள் போட்டா போதுமா?

நூல்கண்டு எழுதியது:

போதாது, நீண்டுட்டே போகும். சங்கிலி போட்டு, அதோட பின்பக்கம் மேடா தெரியற லூப்புகள்ல ஸ்லிப் ஸ்டிட்ச் போட்டுத் திரும்பி வாங்க. அது நீட்சி ரொம்பக் கம்மி. பட்டையை வாய் ஓரத்துல மட்டும் தைக்காதீங்க. எடை மொத்தமும் அந்த ரெண்டு இடத்துலயே விழும், வாய் இழுபட்டுப் பிளக்கும். பட்டையை ஒரு பக்கமா இறக்கி, அடிப்பக்கம் வழியாக் கொண்டுபோய், மறுபக்கம் ஏத்துங்க. பை முழுக்க பட்டை மேல உட்கார்ந்திருக்கணும். ரெண்டு பக்கமும் நெடுக அதே நூலால தைச்சுடுங்க.

மூடி இல்லைங்கிறதால வாய் விளிம்பு இறுக்கமா இருக்கணும். கடைசிச் சுற்றை நண்டுத் தையல்ல முடிங்க. சிங்கிள் குரோஷாவையே இடமிருந்து வலமாப் பின்னோக்கிப் போடறது. முறுக்குக் கயிறு போல விளிம்பு வரும், அவ்வளவா விரியாது. அதுக்கு முந்தின சுற்றுல மட்டும் நாலு இடத்துல ரெண்டு கண்ணியை ஒண்ணாச் சேர்த்துக்கோங்க. 42 கண்ணி 38 ஆகும். போன் நுழையறப்போ கொஞ்சம் தள்ள வேண்டியிருக்கும், தலைகீழாப் பிடிச்சாலும் தானா வெளிய வராது.

பின்னல்பிரியை எழுதியது:

அருமை அக்கா. காட்டன் நூல் எடுத்து வெச்சுட்டேன், இன்னைக்கு மாதிரித் துண்டு ஆரம்பிக்கிறேன். கடைசியா ஒண்ணு, தையல்பெட்டி அக்காவுக்கு: துணியை முன்னாடியே வெட்டி வெச்சுக்கலாமா? பின்னலைத் துவைச்சா சுருங்குமா?

தையல்பெட்டி எழுதியது:

காட்டன் முதல் துவைப்புல கொஞ்சம் சுருங்கலாம், துணியும் அப்படித்தான். ரெண்டையும் தனித்தனியா ஒருதடவை துவைச்சுக் காய வெச்சுட்டு, அப்புறம் துணியை வெட்டுங்க. மாதிரித் துண்டையும் துவைச்சுட்டே அளங்க, கண்ணிக் கணக்கு சரியா வரும். பின்னலைத் தொங்கவிட்டுக் காய வைக்காதீங்க, தண்ணி எடைக்கே நீண்டுடும். துண்டு மேல கிடத்தி, கையால வடிவத்தைச் சரிபண்ணி விடுங்க. முழுசாக் காய்ஞ்சப்புறம்தான் போன் உள்ளே போகணும்.